உழைக்கும் உடலுக்கு யோகமும் தியானமும்

யோகம் என்ற சொல்லைக் கேட்டவுடன் நம் பெற்றோரிற் பலர் புன்னகை பூத்து, “அதெல்லாம் வசதி உள்ளவங்களுக்கு ஐயா, விடியுமுன்னே எழுந்து பிரட்டுக்குப் போறவனுக்கு அந்த வேலையே யோகந்தான்” என்று கூறுவதை நாம் பன்முறை கேட்டிருக்கிறோம். மாணவர்களோ, தலைகீழாக நிற்கும் வித்தையை எப்பொழுது கற்றுக்கொடுப்பீர்கள் என்று ஆவலோடு வினவுகின்றனர். இவ்விரு கூற்றுகளுக்கும் விடை கூறுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

யோகத்தை உலகெங்கும் பரப்பிய பெரியோருள் ஒருவர் மலாயாத் தோட்டமொன்றின் மருத்துவராக இருந்தவர் என்பது நம்மில் எத்துணைப் பேருக்குத் தெரியும்? திருநெல்வேலிச் சீமையிலே, பாய் நெசவுக்குப் பெயர்பெற்ற பத்தமடை என்னும் ஊரில் 1887ஆம் ஆண்டு பிறந்த குப்புசாமி, தஞ்சையில் மருத்துவம் பயின்று, 1913ஆம் ஆண்டில் கப்பலேறி மலாயா வந்தார். சிரம்பானுக்கு அருகில் ஒரு தோட்ட மருத்துவமனையிலும், பின்னர் ஜொகூரிலும் ஏறத்தாழப் பத்தாண்டுக் காலம் பணியாற்றினார். அக்காலத் தோட்டங்களில் மலேரியாக் காய்ச்சல் ஆட்களை வாரிக்கொண்டு போய்க்கொண்டிருந்தது. நம் பாட்டன், பூட்டன்மாரைப் போன்ற தோட்டக் கூலிகளின் நாடியைப் பிடித்துப் பார்த்த கை அவருடைய கை. தம்மிடம் சிகிச்சை பெற்ற ஒரு துறவி அளித்த நூலே அவருடைய உள்ளத்தைத் திருப்பியது என்று அவர் வரலாறு கூறுகின்றது. 1923இல் தாயகம் திரும்பிய அவர், அடுத்த ஆண்டு ரிஷிகேசத்தில் துறவு பூண்டு சுவாமி சிவானந்தர் ஆனார். 1936இல் தெய்வீக வாழ்க்கைச் சங்கத்தை நிறுவி, 1963இல் மறையும்வரை நூற்றுக்கணக்கான நூல்களை எழுதினார். நம் நாட்டில் பத்துமலையில் உள்ள சிவானந்த ஆசிரமம் அச்சங்கத்தைச் சார்ந்ததே.

இவர் வரலாற்றில் நம் நெஞ்சைக் கவர்வது ஒன்று உண்டு. காவி உடுத்த பின்னரும் அவர் மருந்துப் பெட்டியைக் கைவிடவில்லை. இலட்சுமண ஜூலாவில் இலவச மருந்தகம் ஒன்றைத் திறந்து யாத்திரிகர்களுக்கும் துறவிகளுக்கும் மருந்து கொடுத்தார். யோகம் ஒரு கையிலும் மருந்து மறு கையிலுமாக அவர் வாழ்ந்தார். இதனை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னர் இதற்குத் திரும்புவோம்.

யோகம் வடக்கிலிருந்து வந்த புதுமையன்று. பதினெண் சித்தருள் ஒருவராகவும் அறுபத்து மூன்று நாயன்மாருள் ஒருவராகவும் போற்றப்படும் திருமூலர், தம் திருமந்திரத்தின் மூன்றாம் தந்திரத்தில் இதனை விரிவாகப் பேசுகின்றார். இயமம், நியமம், ஆசனம், பிராணாயாமம், பிரத்தியாகாரம், தாரணை, தியானம், சமாதி என்பன அதன் எட்டு உறுப்புகள். நன்கு நோக்குங்கள்: ஆசனம் என்பது எட்டில் ஒன்றே. தீயன செய்யாமையும், தூய்மை முதலிய நல்லொழுக்கங்களும் அதற்கு முன்னரே வைக்கப்பட்டுள்ளன. உடலை வளைத்துக் காட்டுவது மட்டுமே யோகம் என்று எண்ணும் மாணவர்கள் இவ்வரிசையைக் கருத்திற் கொள்வார்களாக.

இனி, ‘வேலையே யோகம்’ என்னும் கூற்றை ஆராய்வோம். உழைப்பு உடலுக்கு நல்லதே, ஐயமில்லை. ஆனால், உழைப்பு என்பது ஒரே அசைவை ஓராயிரம் முறை செய்வது. பால்மரம் வெட்டுகிறவர் ஒரு நிரையில் நூற்றுக்கணக்கான மரங்களுக்கு முன் குனிகின்றார். வெட்டுக் கத்தியைப் பிடித்த கை ஒரே பக்கமாக இழுக்கின்றது. பின்னர், பால் வாளியின் சுமை ஒரு தோளை அழுத்துகின்றது. நம் வட்டாரத்தில் இரப்பர் பல இடங்களில் செம்பனைக்கு வழிவிட்டுவிட்டது. செம்பனையில் குலை அறுப்பவரோ நீண்ட கம்பை ஏந்தி அண்ணாந்த வண்ணமே நிற்கின்றார். அவருக்குக் கழுத்தும் தோளும் நோகின்றன. இன்று தோட்டத்தை விட்டுத் தாமான்களுக்குக் குடிபெயர்ந்து தொழிற்சாலைப் பேருந்தில் செல்லும் நம் தாய்மார்களுக்கும் இதே கதைதான். எட்டு மணி நேரம், சில நாள்களில் பன்னிரண்டு மணி நேரம், ஒரே இடத்தில் நிற்பதால் காலும் இடுப்பும் கடுக்கின்றன. உடலின் ஒரு பகுதி அளவுக்கு மீறி உழைக்க, மற்றொரு பகுதி உறங்கிவிடுகின்றது. வேலை எப்பக்கம் வளைத்ததோ அதற்கு எதிர்ப்பக்கம் உடலை மெல்ல விரிப்பதே ஆசனம் செய்யும் உதவி.

ஆதலால், எல்லாருக்கும் ஒரே ஆசனம் என்பது பொருந்தாது. மைசூர் அரண்மனையில் யோகம் கற்பித்துப் பின்னர் 1952இல் சென்னையில் குடியேறிய திருமலை கிருஷ்ணமாச்சாரியார், ஆளுக்கும் அகவைக்கும் நோய்க்கும் ஏற்றவாறு பயிற்சியை அமைத்துக் கொடுத்தவர். குனிந்தே வேலை செய்பவருக்குக் குப்புறப் படுத்து மார்பை உயர்த்தும் புஜங்காசனம் இதமளிக்கும். அண்ணாந்தே வேலை செய்பவர் கழுத்தைப் பின்னுக்கு வளைக்கும் நிலைகளை விலக்கி, கைகளையும் முழங்கால்களையும் ஊன்றிப் பூனையைப்போல முதுகை மெல்ல உயர்த்தித் தாழ்த்தலாம். நின்று களைத்தவர் மல்லாந்து படுத்துக் கால்களைச் சுவரின்மேல் சாய்த்து வைத்துக்கொள்ளலாம். எவருக்கும் இறுதியில் ஐந்து நிமிடம் சவாசனம். இதற்கு விலையுயர்ந்த விரிப்புத் தேவையில்லை. வீட்டுப் பாய் போதும்.

இப்பயிற்சியால் முதுகு வலி அறவே நீங்கிவிடுமா? மிகைபடக் கூறுதல் ஆசிரியர்க்கு அழகன்று. அமெரிக்க மருத்துவர் கல்லூரி என்னும் மருத்துவர் அமைப்பு, நாட்பட்ட இடுப்பு வலிக்கு மருந்தை நாடுமுன் செய்து பார்க்கத்தக்கவற்றுள் யோகத்தையும் ஒன்றாக 2017ஆம் ஆண்டில் சேர்த்தது. எனினும், 21 ஆய்வுகளைத் தொகுத்து நோக்கிய காக்ரேன் அறிக்கை 2022ஆம் ஆண்டில், அப்பயன் சிறியதே என்றும், முதுகுக்கான பிற உடற்பயிற்சிகளின் பயனுக்கும் அதற்கும் பெரிய வேறுபாடு காணப்படவில்லை என்றும் கூறிற்று. சிறிய பயன், செலவில்லாப் பயன், நாள்தோறும் செய்தால் கிட்டும் பயன் என்று கொள்வோமாக.

யோகத்துள் நம்மவர்க்கு மிகுதியும் உதவுவது மூச்சே என்பது நம் கருத்து. ஓய்வாக இருக்கும் பெரியவர் ஒருவர் நிமிடத்திற்கு 12 முதல் 20 முறை வரை மூச்சு விடுகின்றார். சினமோ அச்சமோ வந்தால் அது விரைவடையும். இதயமும் விரைந்து துடிக்கும். இதயத் துடிப்பை நாம் நினைத்தவாறு நிறுத்தவோ குறைக்கவோ இயலாது. மூச்சையோ குறைக்க இயலும். மூச்சு குறைந்தால் இதயமும் அதன் பின்னே செல்லும். நம் உடலில் தானியங்கு நரம்புகள் இருவகை. ‘ஓடு, போராடு’ என்று விரட்டுவது பரிவு நரம்பு மண்டலம். ‘அமர்ந்து இளைப்பாறு’ என்று தட்டிக்கொடுப்பது எதிர்ப்பரிவு நரம்பு மண்டலம். மூச்சை நீளமாக வெளிவிடும்பொழுது இரண்டாவதன் கை ஓங்குகின்றது.

இதில் ஒரு சுவையான செய்தி உண்டு. 2001ஆம் ஆண்டில் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வெளிவந்த இத்தாலிய மருத்துவர்களின் ஆய்வொன்று, இலத்தீன் மொழியில் செபமாலை சொல்லும்பொழுதும் பௌத்த மந்திரமொன்றை உருப்போடும்பொழுதும் மூச்சு நிமிடத்திற்கு ஏறக்குறைய ஆறாகக் குறைவதையும், அதனால் இதயமும் இரத்த ஓட்டமும் நன்கு இசைந்து இயங்குவதையும் கண்டறிந்தது. ஆதலின், சிவன் கோயிலுக்குச் செல்லும் பிள்ளையும், புக்கிட் மெர்தாஜாம் புனித அன்னாள் ஆலயத் திருவிழாவுக்குச் செல்லும் பிள்ளையும் இதனைத் தத்தம் முறையில் செய்யலாம். மூச்சுக்குச் சமய வேறுபாடு கிடையாது.

மாணவர்களே, இப்பொழுது ஒரு சிறு கணக்கு. நிமிடத்திற்கு ஆறு மூச்சு என்றால் ஒரு மூச்சுக்கு எத்தனை வினாடி? பத்து வினாடி. நான்கு எண்ணும்வரை மூக்கின் வழியே உள்ளிழுங்கள். ஆறு எண்ணும்வரை மெல்ல வெளிவிடுங்கள். வயிற்றின்மேல் ஒரு கையை வைத்துக்கொண்டால், உள்ளிழுக்கும்பொழுது வயிறு எழுவதை உணரலாம். இவ்வாறு ஐந்து நிமிடம் செய்தால் முப்பது மூச்சு. திருமந்திரம் பூரகத்திற்குப் பதினாறும், கும்பகத்திற்கு அறுபத்து நான்கும், இரேசகத்திற்கு முப்பத்திரண்டும் அளவாகக் கூறுகின்றது. அஃது ஆசானின் அருகிருந்து பல்லாண்டு பயின்றோர்க்கு உரியது. நூலில் படித்துவிட்டு மூச்சை அடக்கிப் போட்டியிட வேண்டா. குழந்தைகள் மூச்சை அடக்கவே வேண்டா.

தியானம் என்பது இம்மூச்சின் அடுத்த படி. கண்ணை மூடியவுடன் மனம் வெறுமையாகிவிட வேண்டும் என்று பலர் எண்ணி, அது நிகழாமையால் மூன்றே நாளில் விட்டுவிடுகின்றனர். மனம் ஓடத்தான் செய்யும். ஓடியதைக் கண்டு, வைதுகொள்ளாமல், மீண்டும் மூச்சின்மீதோ ஒரு சொல்லின்மீதோ கொண்டுவந்து நிறுத்துவதே தியானப் பயிற்சி. பத்து முறை ஓடினால் பத்து முறை மீட்பதே பாடம். ஹார்வர்டு பல்கலைக்கழக மருத்துவர் ஹெர்பர்ட் பென்சன், இவ்வாறு அமர்ந்திருக்கையில் இதயத் துடிப்பும் மூச்சும் தணிவதை அளந்து, 1975ஆம் ஆண்டில் நூலாகவே எழுதினார். யு.பி.எஸ்.ஆர். தேர்வு 2021இல் நீக்கப்பட்டுவிட்டது. ஆயினும், பிள்ளைகளின் தேர்வு அச்சம் அதனோடு நீங்கிவிட்டதாக நமக்குத் தோன்றவில்லை. கைப்பேசியோ பிள்ளையின் கவனத்தை நொடிக்கொரு பக்கம் இழுக்கின்றது. இழுக்கப்பட்டதைத் திரும்ப அழைத்துவரும் பழக்கம் இன்றைய பிள்ளைக்கு வாய்பாட்டைப் போன்றே தேவையானது. தூக்கமின்றி நாள் கணக்கில் தவிப்போரும், உயிரை வெறுத்துப் பேசுவோரும் தியானத்தை மட்டும் நம்பி வீட்டில் அமர்ந்திருக்கலாகாது. அவர்களை மருத்துவரிடம் அழைத்துச் செல்வது குடும்பத்தாரின் கடமை.

முன்னர்க் கூறிய மருந்துப் பெட்டிக்கு இப்பொழுது வருவோம். 2019ஆம் ஆண்டின் தேசிய சுகாதார, நோய் ஆய்வின்படி, நாட்டின் பெரியவர்களில் நூற்றுக்கு 18.3 பேர் நீரிழிவு உடையோர். இந்தியர்களிலோ நூற்றுக்கு 31 பேருக்கும் மேல். ஏறக்குறைய மூவரில் ஒருவர்! பள்ளிக் கூட்டத்திற்கு வரும் பெற்றோரை எண்ணிப் பார்க்கும்பொழுது இவ்வெண் நம்மை உறங்கவிடுவதில்லை. தசைகள் இயங்கும்பொழுது இரத்தத்திலுள்ள சர்க்கரையை ஈர்த்துக்கொள்கின்றன. ஆதலால், ஆசனமும் நடையும் நீரிழிவுக்காரருக்கு நன்மையே. ஆனால், அவை மாத்திரையின் தோழர்கள். மாத்திரைக்குப் பதிலாக வந்தவை அல்ல.

இதனை ஏன் அழுத்திச் சொல்கின்றோம்? சில ஆண்டுகளுக்கு முன், நம் வட்டாரத்துத் தந்தையார் ஒருவர், யோகம் செய்தால் மாத்திரை தேவையில்லை என்று எவரோ கூறியதை நம்பி, கிளினிக்கிற்குச் செல்வதை நிறுத்திக்கொண்டார். ஆசனத்தை ஒழுங்காகவே செய்தார். உடல் இலேசாக இருப்பதாக மகிழ்ந்தார். காலில் முள் தைத்தது தெரியவில்லை. நீரிழிவு பாத நரம்புகளை மரக்கச் செய்யும் என்பதை அவர் அறியார். புண் முற்றிய பின்னரே மருத்துவமனைக்குச் சென்றார். இரண்டு விரல்களை எடுக்க வேண்டியதாயிற்று. அவருடைய மகன் அப்பொழுது நம்மிடம் நான்காம் ஆண்டில் பயின்றுகொண்டிருந்தான். இன்று அவர் மாத்திரையும் உண்கின்றார். மூச்சுப் பயிற்சியும் செய்கின்றார். நாள்தோறும் இரவில் தம் பாதங்களை மகனைக்கொண்டு பார்வையிடச் செய்கின்றார்.

தலைகீழாக நிற்க விரும்பும் மாணவர்களுக்கு விடை கூறக் கடமைப்பட்டுள்ளோம். சிரசாசனம் நம் பள்ளியில் கற்பிக்கப்படமாட்டாது. முற்றாத கழுத்தெலும்பு உடலின் பளுவைத் தாங்குவது நன்றன்று. இரத்த அழுத்தமோ கண் அழுத்த நோயோ உள்ள பெரியவர்களும் அதனை விலக்க வேண்டும். கருவுற்ற தாய்மார்கள் தாதியரைக் கேளாது எதனையும் தொடங்க வேண்டா. உண்டு மூன்று மணி நேரமாவது கழிந்த பின்னரே ஆசனம் செய்தல் நலம். நீரிழிவுக்கு ஊசி போடுவோர் மட்டும், வெறும் வயிற்றோடு நெடுநேரம் செய்யலாமா என்பதை மருத்துவரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளட்டும். யோகம் செய்துவிட்டோம் என்று மாணவர்கள் திடலை மறந்துவிடவும் கூடாது. ஐந்து முதல் பதினேழு வயது வரையுள்ள பிள்ளைகள் நாளொன்றுக்குச் சராசரியாக 60 நிமிடமாவது ஓடியாட வேண்டும் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை.

நம் பள்ளியில் காலைச் சபை முடிந்து வகுப்பு தொடங்குமுன் ஐந்து நிமிட மூச்சுப் பயிற்சி நடைபெறுகின்றது. பெற்றோர்க்காகப் பள்ளித் தவணையின் முதற்சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு மண்டபத்தில் ஒரு வகுப்பை நடத்த எண்ணியுள்ளோம். பிரட்டு உள்ளவர்கள் வேலை முடிந்து தாமதமாக வந்தாலும் கதவு திறந்தே இருக்கும். ஒரு பாயும், உடலைப் பிடிக்காத தளர்ந்த உடையும், ஒரு போத்தல் தண்ணீரும் கொண்டுவருக. நீரிழிவோ இரத்த அழுத்தமோ உள்ளவர்கள் தங்கள் கிளினிக்குப் புத்தகத்தையும் மறவாது எடுத்து வருதல் வேண்டும்.