முதியோர் உதவித்தொகை: மனுவுக்கு முன் ஒரு பார்வை

2023-ல் 1,200 ரூபாயாக உயர்ந்த முதியோர் உதவித்தொகைக்கு மனு போட இ-சேவை மையம் கிளம்புமுன், ஆதார், ரேஷன் கார்டு, பாஸ்புக் மூன்றையும் அருகருகே வைத்துப் படியுங்கள். ஒன்றில் 'ரா. லட்சுமி', இன்னொன்றில் 'லட்சுமி அம்மாள்', பிறந்த ஆண்டும் வேறு என்றால் மனு அங்கேயே நின்றுவிடும். தவறாக இருப்பதை முதலில் திருத்துங்கள். வயதானவர்களை வெயிலில் மறுபடி அலையவிடுவது கொடுமை. செங்கல்பட்டு மாவட்டம் 2019-ல்தான் பிரிந்தது. தாம்பரத்துக்காரர்களின் பழைய அட்டைகளில் காஞ்சிபுரம் என்றே இருக்கலாம், கவனியுங்கள்.

ஜெராக்ஸ் மங்கலாக இருக்கும். அசலையே ஸ்கேன் செய்யச் சொல்லுங்கள். மனு எண்ணுள்ள ஒப்புகைச் சீட்டை வாங்காமல் நகராதீர்கள். வி.ஏ.ஓ. விசாரணைக்கு வரும்போது பெரியவர் வீட்டில் இருப்பது நல்லது. இழுத்தடித்தால் முதல்வரின் உதவி எண் 1100-ல் கேளுங்கள்.