முதலில் வேலை, பிறகு கணினி



எங்கள் ஊர் புதுச்சேரிக்குப் பக்கத்தில் இருக்கிறது. ஊரில் தையல் வேலை செய்யும் பெண்கள் குழு ஒன்று உண்டு. குழுவில் 12 பேர். பள்ளிச் சீருடை தைத்துக் கொடுக்கிறார்கள். அவர்களில் 5 பேர் எங்கள் மையத்தில் எழுதப் படிக்கக் கற்றவர்கள். குழுவின் பொருளாளர் அக்காவும் அப்படிக் கற்றவர்தான்.

ஒரு நாள் மாலை அக்கா மையத்துக்கு வந்தார்.

"தம்பி, குழுவுக்கு ஒரு கம்ப்யூட்டர் வாங்கப் போகிறோம். 40,000 ரூபாய் சேர்த்து வைத்திருக்கிறோம். எந்தக் கம்ப்யூட்டர் நல்லது? சொல்லுப்பா."

"அதைக் கடைசியில் சொல்கிறேன் அக்கா. முதலில் நான் ஏமாந்த கதையைக் கேளுங்கள்" என்றேன்.

நான் செய்த தவறு

2023-ஆம் ஆண்டு எங்கள் மையத்துக்கு ஒரு பழைய கணினி வாங்கினோம். விலை 9,000 ரூபாய். கடைக்குப் போனவன் நான்தான். "எல்லா சாஃப்ட்வேரும் சும்மா போட்டுத் தருகிறேன்" என்றார் கடைக்காரர். மலிவாகக் கிடைத்ததே என்று மகிழ்ந்தேன். பில் கேட்கவில்லை.

எட்டு மாதம் ஓடியது. ஒரு நாள் மின்சாரம் போய்ப் போய் வந்தது. அதன் பிறகு கணினி எழவே இல்லை. உள்ளே தகவலைச் சேர்த்து வைக்கும் ஹார்டு டிஸ்க் கெட்டுவிட்டது. 64 கற்போரின் பெயர், வருகை, தேர்வு மதிப்பெண் எல்லாம் அதில்தான் இருந்தன. வேறு எங்கும் நகல் இல்லை.

கடைக்காரரிடம் ஓடினேன். "பில் எங்கே?" என்று கேட்டார். நான் தலை குனிந்து திரும்பினேன். பழைய நோட்டுகளைத் தேடி எடுத்து எல்லாவற்றையும் மறுபடி எழுதினோம். மூன்று வாரம் ஆயிற்று.

அக்கா சிறிது நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்: "எங்கள் 40,000 ரூபாய் 12 பேர் ராத்திரி கண் விழித்துத் தைத்த காசு தம்பி. அது அப்படிப் போகக்கூடாது."

வேலையை எழுதுவோம்

நான் ஒரு தாளை எடுத்தேன். "எந்தக் கம்ப்யூட்டர் என்று கேட்காதீர்கள். என்ன வேலை என்று எழுதுங்கள்" என்றேன். அக்கா எழுதினார்:

1. பிள்ளைகளின் சட்டை அளவைப் பள்ளிவாரியாக எழுதி வைக்க வேண்டும்.
2. குழுவின் வரவு செலவு பார்க்க வேண்டும்.
3. பள்ளிக்குக் கடிதமும் பில்லும் தயார் செய்ய வேண்டும்.
4. மின்னஞ்சல் அனுப்ப வேண்டும். வங்கிக் கணக்கைப் பார்க்க வேண்டும்.

"இதற்குச் செல்போன் போதாதா அக்கா?"

"300 பிள்ளைகளின் அளவைச் சின்னத் திரையில் பார்த்தால் கண் வலிக்கிறது தம்பி. போன மாதம் வரிசை மாறிப் பார்த்துவிட்டு 14 சட்டையைத் தப்பாக வெட்டிவிட்டோம்."

"சரி, கணினி தேவைதான். அதை வெளியூருக்குத் தூக்கிப் போவீர்களா?"

"இல்லை. தையல் கூடத்திலேயே இருக்கும்."

"அப்படியானால் மடிக்கணினி வேண்டாம். மேசைக் கணினி போதும். அதில் ஒரு பாகம் கெட்டால் பெரும்பாலும் அதை மட்டும் மாற்றலாம். வீடியோ விளையாட்டும் சினிமாப் பட வேலையும் உங்கள் பட்டியலில் இல்லை. அதற்கான விலை உயர்ந்த கிராபிக்ஸ் கார்டும் வேண்டாம்."

பாருங்கள், ஒரு தாளில் நாலு வரி எழுதியதும் எத்தனை செலவு குறைந்துவிட்டது!

தொட முடியாத பொருள்

தையல் மெஷினைக் கையால் தொடலாம். தைக்கும் முறையைத் தொட முடியுமா? முடியாது. ஆனால் அது இல்லாமல் சட்டை வராது. கணினியும் அப்படித்தான். தொடக்கூடிய பெட்டி, திரை, விசைப்பலகை எல்லாம் வன்பொருள். அவற்றை வேலை வாங்கும் கட்டளைகள் மென்பொருள். அதைத்தான் சாஃப்ட்வேர் என்கிறோம்.

மென்பொருளில் முதலாவது, கணினி முழுவதையும் நடத்துவது. இதை இயங்குதளம் என்பார்கள். விண்டோஸ் ஓர் இயங்குதளம். அதற்குப் பணம் உண்டு. லினக்ஸ் இன்னொன்று. 1991-ஆம் ஆண்டு பின்லாந்து நாட்டு மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் இதைத் தொடங்கினார். இன்று உலகெங்கும் பலர் சேர்ந்து இதை வளர்க்கிறார்கள். நமது நாட்டின் சி-டாக் நிறுவனமும் பாஸ் என்ற பெயரில் ஒரு லினக்ஸை உருவாக்கியுள்ளது. இவற்றை விலையில்லாமல் பயன்படுத்தலாம்.

இரண்டாவது, நம் வேலைக்கான மென்பொருள். கடிதம் எழுதவும், கட்டம் போட்டுக் கணக்குப் பார்க்கவும் லிப்ரே ஆபீஸ் இருக்கிறது. இதற்கும் விலை இல்லை. விண்டோஸிலும் லினக்ஸிலும் ஓடும்.

"அப்படியானால் எல்லோரும் லினக்ஸ் போடலாமே?" என்று அக்கா கேட்டார்.

நல்ல கேள்வி. எல்லோருக்கும் அது பொருந்தாது. ஒரு கடையில் கணக்கு டேலி மென்பொருளில் நடக்கிறது என்று வைத்துக் கொள்ளுங்கள். டேலி விண்டோஸுக்காகச் செய்யப்பட்டது. அந்தக் கடைக்கு விண்டோஸ்தான் சரி. அக்காவின் நாலு வேலைக்கும் லினக்ஸ் போதும். வேலையைப் பார்த்து மென்பொருள். மென்பொருளைப் பார்த்துப் பெட்டி. இதுதான் வரிசை.

திருட்டு மென்பொருள் வேண்டாம். காசு வாங்கும் மென்பொருளைக் கள்ளத்தனமாக நகலெடுத்து "சும்மா" போட்டுத் தருவது சட்டப்படி குற்றம். அதோடு கணினியைக் கெடுக்கும் வைரஸும் உள்ளே வரலாம். வங்கிக் கணக்கு பார்க்கும் கணினியில் அது எவ்வளவு பெரிய ஆபத்து என்று யோசியுங்கள்.

பழைய கணினி வாங்குவோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். விண்டோஸ் 10-க்குச் சாதாரணமாக வந்துகொண்டிருந்த இலவசப் பாதுகாப்புத் திருத்தங்கள் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு நின்றுவிட்டன. பல பழைய கணினிகள் விண்டோஸ் 11-ஐ ஏற்காது. "இதில் விண்டோஸ் 11 முறைப்படி ஓடுமா?" என்று கேட்டு வாங்குங்கள். ஓடாத பெட்டியிலும் பெரும்பாலும் லினக்ஸ் ஓடும்.

பெட்டிக்குள் என்ன?

கடைக்காரர்கள் பல பெயர் சொல்வார்கள். பயப்பட வேண்டாம். தையல் கூடத்தை நினைத்துக் கொள்ளுங்கள்.

பிராசசர் என்பது தைப்பவரின் கை. வேலையைச் செய்வது அதுதான்.

ரேம் என்பது தையல் மேசை. மேசை சின்னதாக இருந்தால் என்ன செய்வோம்? ஒரு துணியை மடித்து அலமாரியில் வைத்துவிட்டு அடுத்த துணியை எடுப்போம். நேரம் போகும். ரேம் குறைந்தால் கணினியும் அப்படித்தான் திணறும். வீட்டுக்கும் சிறிய அலுவலகத்துக்கும் 8 ஜி.பி. ரேம் போதும்.

அலமாரி என்பது தகவலைச் சேர்த்து வைக்கும் இடம். இதில் இரண்டு வகை உண்டு. ஹார்டு டிஸ்க்கில் தட்டு சுழலும். எஸ்.எஸ்.டி.யில் சுழலும் பாகம் எதுவும் இல்லை. அதனால் அது மிக வேகமானது. அதிர்ச்சியையும் தாங்கும். அக்காவின் வேலைக்கு 256 ஜி.பி. எஸ்.எஸ்.டி. போதும்.

யு.பி.எஸ். மின்சாரம் போன பிறகும் சில நிமிடம் கணினியை ஓட வைக்கும். வேலையைச் சேமித்து ஒழுங்காக நிறுத்த அந்த நேரம் போதும். எங்கள் மையத்தில் அது இல்லை. அதன் பலனைத்தான் முன்பே சொன்னேனே!

தமிழில் எழுத வேண்டாமா?

பழைய தமிழ் எழுத்துருக்கள் பல உண்டு. ஒன்றில் அடித்ததை அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் குப்பையாகத் தெரியும். அதனால் யூனிகோடு முறையிலேயே தமிழை அடியுங்கள். நீங்கள் அனுப்பும் கடிதத்தைப் பள்ளியிலும் அப்படியே படிக்கலாம். தமிழ்நாடு அரசு 1999-ஆம் ஆண்டு ஏற்றுக்கொண்ட தமிழ் 99 விசைப்பலகை பழகுவதற்கு எளிது. அதில் அ, ஆ, இ போன்ற உயிரெழுத்துகள் இடது கைப் பக்கம் இருக்கும்.

அக்காவின் உள்ளங்கை

இரண்டு கடைகளில் விலைப்பட்டியல் கேட்டோம். பட்டியல் ஆங்கிலத்தில்தான் இருக்கும். அக்காவுக்குத் தமிழ் படிக்க வரும். ஆங்கிலம் வராது. அதனால் எஸ்.எஸ்.டி. என்ற மூன்று ஆங்கில எழுத்துகளை எழுதிக் காட்டினேன். அக்கா அவற்றைப் பேனாவால் உள்ளங்கையில் எழுதிக் கொண்டார்.

முதல் கடை. விலை 31,000 ரூபாய். "எஸ்.எஸ்.டி. போட்டிருக்கிறீர்களா?" என்று கேட்டோம். "போட்டிருக்கிறேன் அக்கா. உங்களுக்காகத்தான் இந்த விலை" என்றார் கடைக்காரர்.

அக்கா பட்டியலை வாங்கினார். விரலை வைத்து ஒவ்வொரு வரியாகப் போனார். ஓரிடத்தில் விரல் நின்றது. உள்ளங்கையைப் பார்த்தார். தாளைப் பார்த்தார்.

"தம்பி, கையில் முதல் எழுத்து பாம்பு மாதிரி வளைந்திருக்கிறது. இங்கே ஏணி மாதிரி நிற்கிறதே. கடைசி எழுத்து மட்டும்தான் ஒன்றாக இருக்கிறது."

நான் எட்டிப் பார்த்தேன். எச்.டி.டி. என்று இருந்தது. அதாவது ஹார்டு டிஸ்க். நான் அந்த வரியைக் கவனிக்கவே இல்லை!

"பையன் தப்பாக அடித்துவிட்டான்" என்றார் கடைக்காரர். அக்கா விடவில்லை. "வரி சேர்த்துத்தானே 31,000?" என்று கேட்டார். "வரி தனி" என்றார் அவர்.

கணினிக்கு ஜி.எஸ்.டி. வரி 18 சதவீதம். அக்கா அங்கேயே தாளில் கணக்குப் போட்டார். 31,000-க்கு வரி 5,580. மொத்தம் 36,580 ரூபாய்.

இரண்டாவது கடை. வரியும் சேர்த்து 36,500 ரூபாய். திரை, விசைப்பலகை, மவுஸ் எல்லாம் அதில் அடக்கம். பட்டியலில் பாம்பு எழுத்து இரண்டும் இருந்தன. முதலில் மலிவாகத் தெரிந்தது, உண்மையில் 80 ரூபாய் அதிகம்!

கடையிலேயே கணினியைப் போட்டுப் பார்த்தோம். ரேம் எவ்வளவு என்று திரையில் காட்டச் சொன்னோம். 8 ஜி.பி. சரியாக இருந்தது. யு.பி.எஸ். 2,900 ரூபாய். அதற்கு உத்தரவாதம் மூன்று ஆண்டு என்று வாயால் சொன்னார்கள். அட்டையை அக்கா படித்தார். இரண்டு ஆண்டு என்றுதான் இருந்தது. "பரவாயில்லை. உள்ளதைச் சொல்லி விற்றால் போதும்" என்றார் அக்கா.

மொத்தம் 39,400 ரூபாய். மீதி 600 ரூபாயில் இரண்டு பென் டிரைவ் வாங்கினோம். சனிக்கிழமைதோறும் அவற்றில் கணக்கின் நகல் எடுக்கிறார்கள். ஒன்று தலைவி வீட்டில் இருக்கும். இன்னொன்று அக்கா வீட்டில் இருக்கும்.

பில்தான் சாட்சி

பில்லில் கடையின் பெயர், தேதி, பொருளின் வரிசை எண், வரி எல்லாம் இருக்க வேண்டும். பொருள் சரியில்லை, கடையும் கவனிக்கவில்லை என்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழைக்கலாம். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி மாவட்ட ஆணையத்தில் வழக்கும் போடலாம். வக்கீல் கட்டாயம் இல்லை. பொருளின் விலை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணமும் இல்லை. ஆனால் பில் வேண்டும். அது இல்லாமல் நான் பட்ட பாட்டை மறந்துவிடாதீர்கள்.

அன்று பஸ்ஸில் வரும்போது அக்கா உள்ளங்கையைக் காட்டினார். வியர்வையில் மை கலைந்திருந்தது. "இனி இது வேண்டாம் தம்பி. மூன்று எழுத்தும் மனசில் ஏறிவிட்டன. மீதி 24-ஐ எப்போது சொல்லித் தருவாய்?" என்று கேட்டார்.

"மீதி 24-தான் அக்கா. பாம்பு எழுத்து இரண்டு தடவை வந்தது. இரண்டுதான் கற்றிருக்கிறீர்கள். 26-இல் 2 போனால் 24. கணக்குச் சரிதான்!" என்றேன். அக்கா சிரித்தார். திங்கட்கிழமை முதல் மையத்தில் ஆங்கில எழுத்து வகுப்பு தொடங்கியது. முதல் நாளே 7 பேர் வந்தார்கள்.

நினைவில் கொள்வோம்

• முதலில் வேலை. பிறகு மென்பொருள். கடைசியில் பெட்டி.
• வரி சேர்த்த விலையைக் கேட்போம்.
• வாயால் சொன்னதைத் தாளில் படித்துப் பார்ப்போம்.
• பில் இல்லாமல் வாங்க மாட்டோம்.
• நகல் எடுக்க மறக்க மாட்டோம்.

கணக்குப் போடுவோம்

1. ஒரு கடையில் கணினி விலை 28,000 ரூபாய். வரி தனி. வரி 18 சதவீதம். மொத்தம் எவ்வளவு?

2. குழுவுக்கு மாதம் 20 பக்கம் அச்சிட வேண்டும். ஜெராக்ஸ் கடையில் பக்கத்துக்கு 5 ரூபாய். மாதச் செலவு எவ்வளவு? 12,000 ரூபாய் கொடுத்து பிரிண்டர் வாங்கினால், அந்தப் பணத்தில் எத்தனை மாதம் கடையில் அச்சிடலாம்? பிரிண்டர் வாங்கலாமா, வேண்டாமா?

கலந்து பேசுவோம்

1. உங்கள் வீட்டுக்கோ குழுவுக்கோ கணினி தேவையா? எந்தெந்த வேலைக்கு? பட்டியல் எழுதுங்கள்.
2. பில் வாங்காமல் நீங்கள் ஏமாந்தது உண்டா? மற்றவர்களுக்குச் சொல்லுங்கள்.