படத்தில் பார்த்த கடதாசிப் பறவையை நாமும் மடிக்கலாம்



ஐப்பசி, கார்த்திகை மழை தொடங்கிவிட்டால் ஹாலிஎல பக்கத்துத் தோட்டங்களில் பிள்ளைகள் லயத்துக்குள்ளேயே அடைபட்டுப் போவார்கள். டீவியும் போனும்தான் துணை. அதில் ஓடும் படத்தில் ஒருவர் கடதாசியை மடித்துப் பறவையோ மிருகமோ செய்வதைக் கண்டதும், "இத நாமளும் செய்யலாமா?" என்று கேட்கும் பிள்ளைகள் உண்டு. "போய் படிக்கிற வேலயப் பாரு" என்று நாம் அதட்டி விடுகிறோம். அந்தக் கேள்விக்குள்ளும் படிப்பு இருக்கிறது. அதை இம்முறை பார்ப்போம்.

படங்களில் வந்த உருவங்கள்

கடதாசி மடித்து உருவம் செய்யும் கலைக்கு ஜப்பானில் ஓரிகாமி என்று பெயர். 'ஓரி' என்றால் மடித்தல், 'காமி' என்றால் கடதாசி. நம் பிள்ளைகள் மழைத் தண்ணீரில் விடும் கப்பலும், வகுப்பில் பறக்க விடும் ராக்கெட்டும் இதே குடும்பத்தைச் சேர்ந்தவைதான்.

1982இல் வந்த 'பிளேட் ரன்னர்' என்ற ஆங்கிலப் படத்தில் ஒரு பொலிஸ்காரர் சும்மா நிற்கும் நேரத்தில் சின்னச் சின்ன உருவங்கள் செய்துகொண்டே இருப்பார். படத்தின் முடிவில் கதாநாயகன் தன் வீட்டு வாசலில் மினுங்கல் தாளில் மடித்த ஒற்றைக்கொம்புக் குதிரை ஒன்றைக் கண்டெடுப்பான். 2004இல் வந்த மூன்றாவது 'ஹரி பொட்டர்' படத்தில் ஒரு மாணவன் கடதாசிக் கொக்கு ஒன்றை ஊதி விட, அது சிறகடித்து வகுப்பைக் கடந்து ஹரியின் கைக்குப் போகும். 2016இல் வந்த 'கூபோ' என்ற பொம்மைப் படத்திலோ, சிறுவன் தந்தி வாத்தியத்தை மீட்டியதும் கடதாசிகள் தாமாகவே மடிந்து உருவங்களாக எழுந்து நிற்கும்.

படத்தில் மந்திரத்தால் நடப்பதை வீட்டில் விரல்தான் செய்ய வேண்டும். இன்னொரு சிக்கலும் உண்டு. படம் நமக்கு முடிந்த உருவத்தை மட்டுமே காட்டுகிறது, அதுவும் சில விநாடிகள்தான். எப்படி மடித்தார்கள் என்று காட்டுவதில்லை. ஆகவே முடிவிலிருந்து தொடக்கத்துக்குத் திரும்பி யோசிக்க வேண்டும்.

முதலில் முனைகளை எண்ணுங்கள்

பார்த்த உருவத்தில் நீண்டு நிற்கும் முனைகள் எத்தனை என்று எண்ணச் சொல்லுங்கள். கொக்குக்குத் தலை ஒன்று, வால் ஒன்று, சிறகு இரண்டு. மொத்தம் நான்கு. சதுரக் கடதாசிக்கு மூலைகளும் நான்கு. ஒரு மூலைக்கு ஒரு முனை என்று கணக்குச் சரியாக வருகிறது.

ஒற்றைக்கொம்புக் குதிரைக்கு கால் நான்கு, வால் ஒன்று, கொம்பு ஒன்று என்று ஆறு முனைகள் வேண்டும். நான்கு மூலை போதாது. கடதாசியின் ஓரத்திலிருந்தோ நடுவிலிருந்தோ மேலும் முனைகளை எடுக்க வேண்டும். அதனால் அது கடினம். கொக்கில் கை பழகிய பிறகு குதிரைக்குப் போகலாம்.

கொக்கு மடிக்கும் முறை

பதுளைக்குப் போய்க் கலர் பேப்பர் வாங்கத் தேவையில்லை. பழைய கலண்டர் தாள், முடிந்த வருஷத்துக் கொப்பித் தாள் போதும். நடப்பு வருஷக் கொப்பியைக் கிழிக்க விடாதீர்கள். சொக்லேட் சுற்றி வரும் மினுங்கல் தாள் மடிப்பை நன்றாகப் பிடிக்கும், ஆனால் பிழையாக மடித்தால் அந்தக் கோடு போகாது. எனவே பழகும் மட்டும் சாதாரணத் தாளே நல்லது. தாள் ஒரு சாண் அளவாவது இருக்கட்டும்.

1. நீள் தாளின் ஒரு மூலையை எதிர்ப்பக்க ஓரத்தோடு சேர்த்து மடித்து, மிஞ்சும் துண்டை வெட்டி விடுங்கள். சதுரம் கிடைக்கும்.

2. படம் அல்லது நிறம் உள்ள பக்கம் மேலே இருக்க, மூலைக்கு மூலை இரண்டு தரம் மடித்து விரியுங்கள். தாளைப் புரட்டி, புத்தகம் மூடுவதுபோல் குறுக்கே ஒன்றும் நெடுக்கே ஒன்றும் மடித்து விரியுங்கள். ஒவ்வொரு கோட்டையும் நகத்தால் அழுத்த வேண்டும்.

3. மூன்று மூலைகளையும் நாலாவது மூலையோடு சேர்த்து அமர்த்துங்கள். தாள் தானாகவே சின்னச் சதுரமாக மடங்கும். திறந்த மூலை உங்களைப் பார்த்து இருக்கட்டும்.

4. மேல் அடுக்கின் கீழ் ஓரங்கள் இரண்டையும் நடுக்கோட்டுக்கு மடியுங்கள், பட்டம்போல் தெரியும். மேலே மிஞ்சும் முக்கோணத்தைக் கீழே மடியுங்கள். பிறகு இந்த மூன்று மடிப்பையும் விரியுங்கள்.

5. இப்போது மேல் அடுக்கின் கீழ் மூலையை மட்டும் பிடித்து, முக்கோணக் கோடு வரை திறந்து மேலே தூக்குங்கள். இரு பக்கமும் உள்ளே வரும். அழுத்தினால் நீண்ட வைரம்போல் ஆகும். புரட்டி மறுபக்கமும் 4, 5ஐச் செய்யுங்கள்.

6. கீழே இரண்டாகப் பிரிந்து நிற்கும் கால்களின் வெளி ஓரங்களை நடுவுக்கு மடித்து ஒடுக்குங்கள். மறுபக்கமும் அப்படியே.

7. ஒடுங்கிய இரண்டு கால்களையும் உட்பக்கமாகத் திருப்பி அடுக்குகளுக்கு இடையில் மேலே தூக்குங்கள். ஒன்று கழுத்து, மற்றது வால். கழுத்தின் நுனியைச் சற்றுக் கீழே மடித்தால் தலை. சிறகுகளைக் கீழே இறக்குங்கள். கொக்கு தயார்.

ஐந்தாவது படியில்தான் அநேகர் மாட்டிக்கொள்வார்கள். அவசரப்பட்டு இழுத்தால் கிழியும். இரண்டு மூன்று தாள் வீணானாலும் பிள்ளையை ஏச வேண்டாம்.

இதில் கணக்கு எங்கே இருக்கிறது?

இரண்டாவது படி முடிந்ததும் தாளை விரித்துப் பாருங்கள். எட்டு முக்கோணங்கள் இருக்கும். ஒவ்வொன்றும் முழுத் தாளில் எட்டில் ஒரு பங்கு. தாளின் மூலை 90 பாகை. மூலைவிட்டம் அதைப் பாதியாக்கி 45 ஆக்குகிறது. நாலாவது படியில் பட்டம் மடித்தபோது அந்த 45உம் பாதியாகி 22½ ஆனது. பாகைமானி தொடாமலே பிள்ளை கோணத்தைச் சமமாகப் பிரித்துவிட்டது.

இது நாம் கண்டுபிடித்த வழி அல்ல. சென்னையில் 1893இல் நூல் ஒன்று ஆங்கிலத்தில் வெளிவந்தது. தண்டலம் சுந்தர ராவ் எழுதிய அந்த நூல் முழுவதும் கடதாசி மடித்துக் கேத்திரகணிதம் கற்பது பற்றியது. சிறு பிள்ளைகளின் பாலர் வகுப்புக் கடதாசி மடிப்பிலிருந்துதான் அவருக்கு யோசனை வந்தது. சமபக்க முக்கோணம், ஐங்கோணம், அறுகோணம் எல்லாவற்றையும் சதுரத் தாளிலிருந்தே மடித்துக் காட்டினார். ஜெர்மனியின் பெரிய கணித அறிஞர் பீலிக்ஸ் கிளைன் இந்நூலைத் தம் புத்தகத்தில் குறிப்பிட்டார். 1901இல் அமெரிக்காவின் சிக்காகோ நகரிலும் அது அச்சானது. இந்தப் பயிற்சிகளுக்குக் கணித உபகரணப் பெட்டி வேண்டியதில்லை, ஒரு சின்னக் கத்தியும் கடதாசித் துண்டுகளும் போதும் என்பது அவர் கருத்து. உபகரணப் பெட்டி வாங்க யோசிக்கும் நம் குடும்பங்களுக்கு இது நல்ல செய்தி.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை

"எனக்கு கணக்கு வராது" என்று சின்ன வயதிலேயே முடிவு கட்டிவிடும் பிள்ளைகள் நம் தோட்டங்களில் பலர். அந்த முடிவு சாதாரண தரப் பரீட்சை வரை கூடவே வரும், பிறகு தொழிலிலும் வழி மறிக்கும். கரும்பலகையில் பயமுறுத்திய அதே கோணத்தைத் தன் கையாலேயே மடித்த பிள்ளைக்கு அந்தப் பயம் கொஞ்சம் குறையும்.

அம்மாமாரே, நாள் முழுக்கக் கொழுந்து எடுக்கும் கைகளுக்கு விரல் நுனி வேலை புதிதல்ல. மழை நாளில் தேத்தண்ணி குடிக்கும் நேரம் பிள்ளையோடு உட்கார்ந்து ஒரு கொக்கு மடியுங்கள். அப்பாமாருக்குக் கத்திக் கப்பல் தெரிந்திருக்கும், அதையும் சொல்லிக் கொடுங்கள்.

கொக்கு முடிந்ததும் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. தலை, வால், இரண்டு சிறகு ஆகிய நான்கு நுனிகளிலும் பென்சிலால் அடையாளம் போட்டு, கொக்கை முழுதாக விரித்து விடுங்கள். எதிரெதிர் மூலைகள் இரண்டில் சிறகும், மற்ற இரண்டில் தலையும் வாலும் இருக்கும். எந்தக் கோடு எதற்காக என்று பிள்ளையே சொல்லட்டும். பிறகு இந்தப் பக்கத்தைப் பார்க்காமல் அதே தாளை மறுபடி மடிக்கச் சொல்லுங்கள். அது முடிந்தால், அடுத்த படத்தில் வரும் உருவத்தின் முனைகளைப் பிள்ளை தானாகவே எண்ணத் தொடங்கும்.