தட்டச்சு கற்ற பெண்களும் முதல் கணினிகளும்

கடலூர், சிதம்பரம் போன்ற ஊர்களில் பெண்கள் பலரைக் கணினித் துறைக்குக் கொண்டுவந்தது தட்டச்சுப் பயிலகம். பள்ளிப் படிப்பு முடிந்ததும் டைப்பிங் வகுப்பில் சேர்வது வழக்கம். அரசுத் தொழில்நுட்பத் தேர்வில் ஆங்கிலத் தட்டச்சின் லோயர் நிலைக்கு நிமிடத்துக்கு 30 சொல், ஹயருக்கு 45. அந்த விரல் பழக்கம் பிறகு கணினியிலும் அப்படியே கைகொடுத்தது. எழுத்து வரிசை ஒன்றுதான்.

நிரலை அட்டையில் துளைகளாக இட்டுக் கணினிக்குக் கொடுத்த துளை அட்டைக் காலத்தில் ஓர் அட்டையில் 80 பத்திகள் (செங்குத்து வரிசைகள்). ஃபோர்ட்ரான் என்ற நிரல்மொழியின் கட்டளை ஏழாம் பத்தியில் தொடங்க வேண்டும். ஆறில் தொடங்கிவிட்டால் முந்தைய வரியின் தொடர்ச்சியாகிவிடும். ஒருவர் துளையிட்டதை இன்னொருவர் சரிபார்ப்பு எந்திரத்தில் மீண்டும் அடிப்பார். இரண்டும் ஒத்துப்போனால்தான் அட்டையின் ஓரத்தில் வெட்டு விழும். தான் அடித்ததில் உள்ள பிழை தன் கண்ணில் படாது என்பதை இந்த ஏற்பாடு அன்றே கற்றுத்தந்தது. இன்றும் நிரல் எழுதுபவர் அதை இன்னொருவரிடம் காட்டிவிடுவது நல்லது.

வேகம் மட்டும் போதாது. கணினித் திரைகள் வந்ததும் துளையிடும் வேலையே மறைந்தது. எந்தப் பத்தியில் என்ன இருக்கிறது, ஏன் இருக்கிறது என்று கேட்டுத் தெரிந்துகொள்பவருக்கே அடுத்த வேலை கிடைக்கும். அப்படித் தாமே தெரிந்துகொண்டவர்கள் முன்பே உண்டு: அமெரிக்காவில் எனியாக் கணினிக்கு நிரல் அமைத்த ஆறு பெண்களுக்கு வழிகாட்டி நூல் எதுவும் கிடையாது. எந்திரத்தின் வரைபடங்களைப் பார்த்தே கற்றார்கள். 1946இல் எனியாக் உலகுக்குக் காட்டப்பட்டது. அவர்களுக்குரிய மரியாதை வந்து சேர அரை நூற்றாண்டு ஆனது. இது பெரிய அநீதி.

இந்தியாவில், வங்கிகளில் கணினியைக் கொண்டுவருவது பற்றிய ரங்கராஜன் குழுவின் 1984 அறிக்கைக்குப் பின் அங்கு கணினிமயம் வேகம் பிடித்தது. அப்படிக் கணினிக்கு மாறும்போது கைப்பேரேட்டை உடனே மூடிவிடக் கூடாது. இரண்டு கணக்கும் தொடர்ந்து ஒத்துவரும்வரை சேர்த்தே நடத்த வேண்டும்.

வேலையையும் வீட்டையும் சேர்த்துப் பார்க்கும் பெண்ணுக்குக் கல்லூரி நேரம் ஒத்துவராது. சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் 1979இல் தொடங்கிய தொலைநிலைக் கல்வி அங்கேதான் உதவியது. வேலைக்கு நடுவே படிப்பவர் சான்றிதழோடு, செய்த வேலையின் பெயரையும் பணிப்பதிவேட்டில் சரியாக எழுதச்சொல்லி வாங்க வேண்டும். நிரல் எழுதியவரை ‘ஆபரேட்டர்’ என்று பதிந்துவிட்டால் பதவி உயர்வில் அந்த உழைப்பு கணக்கில் வராமல் போகும்.

அந்தத் தலைமுறைப் பெண்கள் பலர் ஓய்வுபெற்றுவிட்டார்கள். எந்த எந்திரத்தில், எந்த ஆண்டில், என்ன வேலை செய்தார்கள் என்பதை அவர்களைக் கேட்டு, வீட்டிலுள்ளவர்கள் இப்போதே எழுதிவைக்க வேண்டும்.