பெட் ஸ்கேனுக்கு முந்தின நாள்

பெட் ஸ்கேனுக்குத் தேதி வாங்கிக்கொண்டு என் மருந்துக்கடைக்கு வருகிறவர்களிடம் நான் நோயைப் பற்றி முதலில் கேட்பதில்லை. முந்தின நாள் என்ன வேலை, ராத்திரி என்ன சாப்பாடு, போகிற வழி செங்கோட்டையா ராஜபாளையமா, இதைத்தான் கேட்பேன். பண்பொழியிலிருந்து திருவனந்தபுரம் மண்டலப் புற்றுநோய் மையத்துக்கும் மதுரைக்கும் வைத்தியத்துக்குப் போய்வருகிற குடும்பங்கள் பல. என் பெரியம்மாவுக்கு ஐம்பது வயதில் கழுத்தில் கட்டி வந்து, அது ஹாட்ஜ்கின் லிம்போமா என்று தெரிந்த காலத்திலிருந்து எனக்கும் அந்தப் பாதை பழக்கம். பிறகு தெருக்காரர்களுக்கும் துணைக்குப் போனேன். அதில் எனக்கு உறுதியாகத் தெரிந்தது ஒன்று. ஸ்கேன் மையம் சொல்கிற ஒவ்வொரு விதிக்கும் காரணம் இருக்கிறது. அந்தக் காரணத்தையும் சேர்த்துச் சொல்லிவிட்டால் எங்கள் ஊர்க்காரர்கள் ஒரு விதியையும் மீறுவதில்லை.

எல்லாவற்றுக்கும் அடிப்படை சர்க்கரைதான். புற்று அணுக்கள் குளுக்கோஸை மற்ற அணுக்களைவிட அதிகமாக விழுங்கும் என்பதை ஜெர்மானிய விஞ்ஞானி ஓட்டோ வார்பர்க் 1920களிலேயே கவனித்தார். அந்தப் பசியைத்தான் பெட் ஸ்கேன் படம் பிடிக்கிறது. குளுக்கோஸைப் போலவே இருக்கும் ஒரு பொருளில் கதிர்வீசும் புளோரின்-18ஐ ஒட்டவைத்து ஊசியில் போடுகிறார்கள். எஃப்.டி.ஜி. என்பது அதன் பெயர். அணு அதைச் சர்க்கரை என்று நம்பி உள்ளே இழுத்துக்கொள்ளும். ஆனால் முழுதாகச் செரிக்க முடியாது, வெளியே தள்ளவும் முடியாது. எங்கே அதிகம் சேர்கிறதோ அங்கிருந்து கதிர் அதிகம் வரும். புளோரினிலிருந்து கிளம்பும் பாசிட்ரான் பக்கத்திலிருக்கும் எலக்ட்ரானோடு மோதி அழியும்போது இரண்டு காமாக் கதிர்கள் எதிரெதிர்த் திசையில் பாய்கின்றன. சுற்றிலும் வளையமாக நிற்கும் உணரிகள் இரண்டையும் ஒரே நேரத்தில் பிடித்து, கிளம்பிய இடத்தைக் கணக்கிடுகின்றன. அந்த இடம் எந்த உறுப்பு என்பதைக் கூடவே எடுக்கிற சி.டி. காட்டிவிடும்.

இது புரிந்துவிட்டால் முந்தின நாள் எப்படி இருக்க வேண்டும் என்பது தானாகவே புரியும். தசை வேலை செய்தால் தசையும் சர்க்கரையை இழுக்கும். ஸ்கேன் நல்லபடியாக முடியட்டும் என்று வேண்டிக்கொண்டு முந்தின நாள் திருமலைக் குமாரசாமி கோயிலுக்குப் படியேறிப் போகிறவர்கள் இங்கே உண்டு. தொடையும் கெண்டைக்காலும் படத்தில் ஒளிர்ந்தால் பார்க்க வேண்டிய இடத்துக்குப் போக வேண்டிய மருந்து குறைந்துபோகும். முருகனைக் கும்பிட வேண்டும் என்றால் மலைப்பாதையில் வண்டியில் போய் வாருங்கள், படியேற்றத்தை ஸ்கேன் முடிந்த பிறகு வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்வேன். வயல்வேலை, தென்னந்தோப்பில் மட்டை சுமப்பது, சைக்கிள் மிதிப்பது எல்லாவற்றுக்கும் இதே பதில்தான்.

குற்றாலத்துக்கும் அப்படியே. சீசனில் சாரல் அடிக்கிற நாளில், ஐந்தருவியில் ஒரு குளியல் போட்டால் உடம்பு லேசாகுமே என்று தோன்றும். ஆனால் நம் கழுத்திலும் காறை எலும்புக்கு மேலும் முதுகுத்தண்டை ஒட்டியும் பழுப்புக் கொழுப்பு என்று ஒன்று இருக்கிறது. குளிர் பட்டால் உடம்பைச் சூடாக்குவதற்காக அது சர்க்கரையை எரிக்கும். பெரியம்மாவுக்குக் கட்டி இருந்ததும் அதே கழுத்தில்தான். நோய்க்கணு எது, குளிருக்கு விழித்துக்கொண்ட கொழுப்பு எது என்று படிக்கிற மருத்துவரே திணற வேண்டியிருக்கும். ஆகவே முந்தின நாள் வெந்நீரில் குளியுங்கள். ஸ்கேன் அறையில் ஏ.சி. கடுமையாக இருக்கும், போர்வை, காலுறை, முழுக்கைச் சட்டை எடுத்துப் போங்கள்.

ராத்திரிச் சாப்பாட்டில் மாவுச்சத்தைக் குறைக்க வேண்டும். பிரானூர் பார்டரில் புரோட்டா சாப்பிட்டுவிட்டு அப்படியே கிளம்பலாம் என்கிற திட்டம் வேண்டாம். முட்டை, கோழி, காய்கறி, கீரை போதும். ஊசிக்கு முன்னால் குறைந்தது ஆறு மணி நேரம் வெறும் தண்ணீர் மட்டும். இங்கேதான் பலரும் தடுமாறுகிறார்கள். டீயை யாரும் சாப்பாட்டுக் கணக்கில் வைப்பதில்லை. இளநீரையும் பதநீரையும் தண்ணீர்க் கணக்கில் வைக்கிறார்கள். மூன்றிலும் சர்க்கரை இருக்கிறது. மலைப்பாதை இன்னொரு சங்கடம். ஆரியங்காவு தாண்டித் தென்மலை வளைவுகளில் குமட்டல் வரும். அதற்காகப் புளிப்பு மிட்டாயைக் கன்னத்தில் அடக்கிக்கொள்வது எங்கள் பக்கத்துப் பழக்கம். ஒருமுறை என்னோடு வந்த அம்மாவிடம் ஊசி அறையில் நர்ஸ் கேட்டபோது, “ஒண்ணும் சாப்பிடலம்மா, மிட்டாய் மட்டும்தான் வழி நெடுக வாயில கெடந்துது” என்றார். அவரைக் கடைசி ஆளாகத் தள்ளிவைத்தார்கள். வாந்தி வருகிறவர்கள் அதற்கான மாத்திரையை மருத்துவரிடம் முன்பே கேட்டு வாங்கிவிடுங்கள், அல்லது முந்தின நாளே போய்த் தங்கிவிடுங்கள்.

சர்க்கரை நோயாளிகள் தனிக் கவனம் எடுக்க வேண்டும். ரத்தத்தில் சர்க்கரை 200க்கு மேல் இருந்தால் பெரும்பாலான மையங்களில் ஊசி போடமாட்டார்கள். ரத்தத்துச் சர்க்கரையே போட்டிக்கு நின்றால் எஃப்.டி.ஜி.க்கு அணுவுக்குள் இடமிருக்காது. கடைசி நேரத்தில் இன்சுலின் போட்டு அளவை இறக்கவும் கூடாது. இன்சுலின் சர்க்கரையைத் தசைக்குள் தள்ளும், எஃப்.டி.ஜி.யும் அதோடு போய்விடும். மெட்ஃபார்மின் குடலை ஒளிரவைக்கும் என்பதால் வயிற்றுப் பகுதி முக்கியமாக இருந்தால் இரண்டு நாள் முன்னதாக நிறுத்தச் சொல்வார்கள். அதைச் சொல்ல வேண்டியவர் மருத்துவர். நானோ நீங்களோ முடிவு செய்யக் கூடாது. இன்னொன்று: “வெறும் வயிறு” என்றதும் பிரஷர் மாத்திரையையும் விட்டுவிடுகிறார்கள். பொதுவாக அதைத் தண்ணீரோடு போட்டுக்கொள்ளலாம். தேதி வாங்கும்போதே எல்லா மாத்திரை அட்டையையும் காட்டிக் கேட்டுவிட்டால் குழப்பமில்லை.

நேரம் தவறாமை இந்த ஸ்கேனில் மரியாதைக்காகச் சொல்லப்படுவதல்ல. புளோரின்-18 ஒவ்வொரு 110 நிமிடத்திலும் பாதியாகிவிடும். அதை உண்டாக்கும் சைக்ளோட்ரான் இயந்திரம் இருக்கும் ஊரில் காலை ஐந்து மணிக்கு அளந்து அனுப்பிய மருந்தில் பத்தரை மணிக்கு எட்டில் ஒரு பங்குதான் மிஞ்சும். உங்களுக்கென்று ஒதுக்கியதை நாளைக்கு எடுத்துவைக்க எந்த ஃப்ரிட்ஜும் இல்லை. 1976 ஆகஸ்டில் முதன்முதலாக மனித உடலில் எஃப்.டி.ஜி. செலுத்தியபோதே இந்த ஓட்டம் இருந்தது. அமெரிக்காவில் புரூக்ஹேவன் ஆய்வகத்தில் செய்த மருந்தைப் பிலடெல்பியாவுக்கு விமானத்தில் கொண்டுபோனார்கள். இந்தியாவின் முதல் மருத்துவ சைக்ளோட்ரான் 2002இல் மும்பை பரேலில், பாபா அணு ஆராய்ச்சி மையத்தின் கதிரியக்க மருத்துவ மையத்தில் ஓடத் தொடங்கியது. அதற்கு முன்னால் இந்த வசதி நம் நாட்டிலேயே இல்லை.

பெண்களுக்கு ஒரு வார்த்தை. உலோகம் படத்தில் கோடு கோடாக விழும் என்பதால் நகை எல்லாவற்றையும் கழற்றச் சொல்வார்கள், தாலிக்கொடி உட்பட. ஸ்கேன் அறை வாசலில் முன்பின் தெரியாதவர்கள் நடுவில் அதைக் கழற்ற நேர்கிறபோது பெண்கள் உடைந்துபோவதைப் பார்த்திருக்கிறேன். பெரியம்மா முந்தின நாள் சாயங்காலமே வீட்டில் விளக்கேற்றி, மஞ்சள் கயிற்றில் மஞ்சள் துண்டைக் கோத்துக் கட்டிக்கொண்டு, கொடியைக் கழற்றிப் பீரோவில் வைத்தார். மறுநாள் மனசு கலங்காமல் உள்ளே போனார். எங்கள் தெருவில் இப்போது இதுவே வழக்கமாகிவிட்டது.

ஊசி போட்டதும் ஏறத்தாழ ஒரு மணி நேரம் தனியறையில் அசையாமல் படுத்திருக்க வேண்டும். போன் பேசக் கூடாது. பேசினால் தொண்டைத் தசை ஒளிரும். வெற்றிலை, சூயிங்கம் எதையும் மெல்லக் கூடாது. ஸ்கேனுக்குள் போவதற்கு முன் சிறுநீர் கழித்துவிட வேண்டும், ஏனென்றால் மருந்து அந்த வழியாகத்தான் வெளியேறுகிறது.

“அணு மருந்தா? கூடங்குளத்து அணுவா?” என்று என்னிடம் கேட்டவர்கள் இருக்கிறார்கள். கூடங்குளம் போராட்டத்தைப் பக்கத்தில் இருந்து பார்த்த மண் இது. அந்தப் பயம் எனக்குப் புரிகிறது, அலட்சியப்படுத்த மாட்டேன். நேராகவே பதில் சொல்வேன். பெட் சி.டி.யில் கதிர்வீச்சு உண்டு. நாம் சில வருடங்களில் இயற்கையாக வாங்குகிற அளவுக்கு இருக்கும். நோய்க்காக எடுக்கும்போது கிடைக்கிற பயன் அதைவிடப் பெரிது. ஆரியங்காவுக் கணவாய்க்கு அந்தப் பக்கம் கொல்லம் மாவட்டத்துக் கருநாகப்பள்ளிக் கடற்கரை மணலில் தோரியம் இருப்பதால் அங்கே இயற்கைக் கதிர்வீச்சே அதிகம். திருவனந்தபுரம் மண்டலப் புற்றுநோய் மையம் அந்த மக்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 2009இல் வெளியிட்ட ஆய்வில், அதனால் புற்றுநோய் கூடியதாகத் தெரியவில்லை. இருந்தாலும் கர்ப்பிணிகளையும் கைக்குழந்தைகளையும் சில மணி நேரம் விலக்கி வைப்பது சரியான ஏற்பாடு. பேரப்பிள்ளையை அன்று சாயங்காலம் மடியில் வைக்க வேண்டாம், மறுநாள் தாராளமாக வைத்துக்கொள்ளலாம். ஒரு நாள் கழிந்தால் போட்ட மருந்தில் எட்டாயிரத்தில் ஒரு பங்குகூட மிஞ்சாது. தைராய்டுக்குக் கொடுக்கும் அயோடின்-131 வேறு சங்கதி. அது பாதியாக எட்டு நாள் ஆகும். தனித்திருக்கச் சொல்கிற நாட்களும் அதற்கேற்ப நீளும். இரண்டையும் ஒன்றாக நினைக்காதீர்கள்.

நான் மிகவும் வலியுறுத்திச் சொல்ல விரும்புவது இனிமேல்தான். படத்தில் ஒளிர்வதெல்லாம் புற்று அல்ல. நாற்பது வருடம் பீடி குடித்த அண்ணாச்சி ஒருவருக்கு நுரையீரல் மேல்பகுதியில் நிழல் தெரிந்தது. பெட் ஸ்கேனில் அந்த இடம் பளிச்சென்று எரிந்தது, நெஞ்சுக்குள் நிணநீர்க் கணுக்களும் ஒளிர்ந்தன. ரிப்போர்ட்டில் ஒளிர்வின் அளவாகப் போட்டிருந்த எஸ்.யூ.வி. என்கிற எண்ணை மருமகன் செல்போனில் தேடிப் பார்த்து வீட்டில் சொல்லிவிட்டார். நான் போனபோது திண்ணையில் சொந்தபந்தம் எல்லாம் கூடியிருந்தது. “இனி எதுக்கு ஊசி, குத்தல்? இருக்க மட்டும் நிம்மதியா இருக்கட்டும்” என்றார் மூத்தவர் ஒருவர். ரிப்போர்ட்டை வாங்கிப் படித்தேன். கடைசி வரியில், திசுப் பரிசோதனை செய்து உறுதிப்படுத்தவும் என்று இருந்தது. அந்த வரியை யாரும் படிக்கவில்லை. மகனிடம் அதைக் காட்டி, சண்டை போடாத குறையாகப் பயாப்சிக்கு அனுப்பினேன். வந்த முடிவு காசநோய். ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகக் கிடைத்த மாத்திரையை ஆறு மாதம் சாப்பிட்டு எழுந்துவிட்டார்.

காசநோய்க் கிருமியோடு மல்லுக்கட்டும் அணுக்களும் சர்க்கரையை அள்ளி விழுங்கும். இந்தியா மாதிரிக் காசநோய் நிறைந்த நாட்டில் இதை ஒவ்வொரு குடும்பமும் தெரிந்திருக்க வேண்டும். மூட்டுவாதம், ஆறாத புண், சமீபத்தில் போட்ட தடுப்பூசியால் அக்குளில் வீங்கிய கணு, இவையும் ஒளிரும். அதனால் பழைய காசநோய், ஆபரேஷன், தடுப்பூசி, கீமோ முடிந்த தேதி எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிக் கொண்டுபோய்க் கொடுங்கள். படிக்கிற மருத்துவருக்கு அந்தத் தாள் படத்தின் ஒரு பகுதி.

மறுபக்கமும் உண்டு. பெட் ஸ்கேன் வந்ததால் வைத்தியமே குறைந்த கதை பெரியம்மாவுடையது. இரண்டு சுற்றுக் கீமோ முடிந்ததும் மறுபடி ஸ்கேன் எடுத்தார்கள். ஹாட்ஜ்கின் லிம்போமாவில் அப்போதைய ஒளிர்வை ஒன்றிலிருந்து ஐந்து வரை மதிப்பெண் போடும் முறை இருக்கிறது. பிரான்சில் டோவில் என்ற ஊரில் 2009இல் கூடிய மருத்துவர்கள் வகுத்தது. அந்த ஸ்கேன் தெளிவாக இருந்தால், நுரையீரலைக் கெடுக்கக்கூடிய பிளியோமைசின் மருந்தை மீதிச் சுற்றுகளில் விட்டுவிடலாம் என்று 2016இல் வெளியான ஒரு பெரிய ஆய்வு காட்டியது. பெரியம்மாவுக்கும் விட்டார்கள். இப்போதும் மூச்சு வாங்காமல் நடக்கிறார். இந்த ஒப்பீட்டுக்கு முதல் ஸ்கேன் டிஸ்க் கையில் இருக்க வேண்டும். ஃபிலிம் போதாது. டிஸ்க்கைப் பென்டிரைவிலும் ஏற்றிவையுங்கள். முடிந்தால் அதே மையத்தில், அதே இயந்திரத்தில் எடுங்கள். கதிர்வீச்சுச் சிகிச்சை முடிந்தவர்கள் ஏறத்தாழ மூன்று மாதம் பொறுக்க வேண்டும். அவசரப்பட்டால் வெந்து ஆறுகிற திசு நோயாகத் தெரியும்.

எல்லாப் பெட் ஸ்கேனும் சர்க்கரை ஸ்கேன் அல்ல என்பதையும் மனதில் வையுங்கள். புராஸ்டேட் புற்றுக்கு இப்போது எடுக்கிற பி.எஸ்.எம்.ஏ. ஸ்கேன், அந்த அணுக்களின் மேல்புறத்தில் இருக்கும் ஒரு புரதத்தைத் தேடிப் போய் ஒட்டும். அதற்குப் பட்டினி தேவையில்லை. அதே புரதத்தைத் தேடும் மருந்தில் லுட்டீசியம்-177ஐ ஏற்றிச் சிகிச்சையாகவும் கொடுக்கிறார்கள்; அமெரிக்காவில் 2022இல் அனுமதி கிடைத்தது. டிராம்பேயில் துருவா அணு உலையில் லுட்டீசியத்தை நாமே தயாரிக்கிறோம். எலும்பு ஸ்கேன் டெக்னீசியம் என்கிற வேறொரு கதிர்வீசும் பொருளில் எடுப்பது. அதற்கும் பட்டினி வேண்டாம், தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும். பக்கத்து வீட்டுக்காரர் சொன்னார் என்று பட்டினி கிடக்காதீர்கள். உங்கள் சீட்டில் என்ன எழுதியிருக்கிறது என்பதைப் பாருங்கள்.

நோய் எதுவும் இல்லாதவர்கள், இருந்துவிட்டுப் போகட்டும் என்று முழு உடம்புக்கும் இந்த ஸ்கேன் எடுப்பது வீண் கதிர்வீச்சு, வீண் செலவு, வீண் பயம். அப்படிக் கேட்டு வருகிறவர்களை நான் திருப்பி அனுப்பிவிடுகிறேன்.

ஸ்கேன் மையங்களுக்கு ஒரு வேண்டுகோள். தேதி கொடுக்கும்போதே, காரணத்தோடு தமிழில் ஒரு பக்கத் தாள் கொடுங்கள். திருவனந்தபுரத்து மையங்களுக்கும் இதையே சொல்வேன். மலை தாண்டி வருகிற எங்கள் சனத்துக்கு மலையாளமோ ஆங்கிலமோ படிக்க வராது. அந்தத் தாள் வரும்வரை, தேதி வாங்கியவர்கள் கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்பே மையத்துக்குப் போன் போட்டு, எது சாப்பிடலாம், எந்த மாத்திரையை நிறுத்தலாம் என்று வாய்விட்டுக் கேளுங்கள். காப்பீட்டு அட்டை செல்லுமா என்பதையும் அதே போனில் கேட்டுவிடுங்கள்.