திருவாவடுதுறையாரும் பாரி நாகசுரமும்

செட்டியார்பட்டி, இராசபாளையம் வட்டாரத் திருமண வீடுகளில் இன்று நாம் கேட்கும் நாகசுரம் பெரும்பாலும் நீண்ட பாரி வகையைச் சார்ந்தது. அவ்வழக்கு வேரூன்றக் காரணமானவர் திருவாவடுதுறை டி. என். இராசரத்தினம் பிள்ளை (1898–1956) ஆவார்.

அவருக்கு முன் பெருவழக்காயிருந்தது திமிரி. குட்டையானது, சுருதி உயர்ந்தது, வீதியுலாவில் நெடுந்தொலைவு கேட்கும். ஆயினும் சுத்த மத்திமம் அதில் செவ்வையாகப் பேசாது. பிள்ளையின் விருப்பிற்கிணங்க நரசிங்கம்பேட்டை அரங்கநாத ஆசாரி அக்குறை நீங்கிய நீள்கருவியைக் கடைந்தளித்தார். சுருதி தாழவே, வாய்ப்பாட்டுக்குரிய குழைவும் நிதானமும் குழலில் கைகூடின. பிள்ளையின் தோடியைப் புகழ்வோர் பலர். ஆசாரியின் உளியை நினைப்போர் சிலரே என்பது நமது மனக்குறை. ஒத்துக்கு மாற்றாகத் தம்பூராவைச் சேர்த்து, வீதிக் கலையைக் கச்சேரி மேடைக்கு உரியதாக்கியவரும் பிள்ளையே.

அவர் பாணியைத் தென்பாண்டிச் சீமையில் பரப்பியவர் மாணவர் காருகுறிச்சி அருணாசலம் (1921–1964). ‘கொஞ்சும் சலங்கை’ (1962) படத்தில் எஸ். ஜானகியின் குரலோடு இழைந்த அவர்தம் வாசிப்பை அறியாதார் நம்மிடையே அரியர்.

குருகுலத்தோடு அச்செல்வாக்கு நின்றிலது. ஆந்திரத்துக் கரவதியில் பரம்பரை நாகசுரக் குடும்பத்தில் தோன்றிய இசுலாமியர் சேக் சின்ன மௌலானா (1924–1999). அவர் பிள்ளையின் இசைத்தட்டுகளைக் கேட்டே தஞ்சைப் பாணியின்பால் ஈர்க்கப்பட்டார்; திருவரங்கத்தில் குடியேறினார்; 1998இல் சங்கீத கலாநிதியானார். அவரிடம் பயின்ற சேக் மகபூப் சுபானியும், அவர்தம் துணைவியார் காலீஷாபியும் 2020இல் பத்மஸ்ரீ பெற்றனர். பெண்கள் அரிதாகவே ஏந்தும் கருவி நாகசுரம் என்பதும் இங்குக் கருதத்தக்கது.