புளூரே தட்டு கணினியில் ஓடவில்லையா? காரணம் காணும் வழி



பால்மரத்தில் கட்டிய மங்கில் பால் சேரவில்லை என்றால், பட்டறிவு மிக்க தொழிலாளி உடனே மரத்தைப் பழிப்பதில்லை. பட்டையில் இட்ட வெட்டு சரியாக உள்ளதா, பால் வடியும் தகடு கழன்றுவிட்டதா, மங்கு சாய்ந்து கிடக்கிறதா என்று மேலிருந்து கீழாக ஒவ்வொன்றாய்ப் பார்க்கிறார். பால் வரும் வழியில் தடை எங்கே என்பதைக் கண்டுவிட்டால், அதனைத் திருத்துவது எளிய செயலே.

வீட்டுக் கணினிக்கும் இம்முறையே பொருந்தும். கணினியில் புளூரே தட்டைச் செருகுகிறோம், படம் வரவில்லை. உடனே "தட்டு கெட்டுவிட்டது" என்கிறார் ஒருவர். "கணினி பழசு, புதிது வாங்க வேண்டும்" என்கிறார் மற்றொருவர். இரண்டும் ஊகங்களே. ஊகத்தை நம்பிப் பணத்தைச் செலவிட்ட பின்னும் படம் வராமற் போகலாம். ஆகவே, படம் வரும் வழியை முதலில் அறிந்து, தடையைப் பின்னர்த் தேடுவோம்.

தட்டின் வளர்ச்சி

1982ஆம் ஆண்டில் விற்பனைக்கு வந்த குறுந்தட்டும், 1996இல் ஜப்பானில் வெளிவந்த டிவிடி தட்டும், 2006இல் வெளிவந்த புளூரே தட்டும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். மூன்றும் 12 சென்டிமீட்டர் குறுக்களவும் 1.2 மில்லிமீட்டர் தடிப்பும் கொண்டவை. ஆயினும், அவற்றைப் படிக்கும் லேசர் ஒளி வேறு வேறாகும்.

ஒரு மீட்டரை நூறு கோடிப் பங்காக்கினால், அதில் ஒரு பங்கே நானோமீட்டர். குறுந்தட்டைப் படிக்கும் ஒளியின் அலைநீளம் 780 நானோமீட்டர், டிவிடிக்கு 650, புளூரேக்கு 405. அலைநீளம் குறையக் குறைய ஒளிப்புள்ளியைச் சிறிதாக்க இயலும். கூர்மையான எழுதுகோலால் ஒரே தாளில் மிகுதியாக எழுதுவதைப் போன்றதே இஃது. ஓர் அடுக்கு டிவிடியில் 4.7 கிகாபைட் அளவே அடங்கும். ஓர் அடுக்குப் புளூரே தட்டில் 25 கிகாபைட் அடங்கும். ஈரடுக்குத் தட்டில் 50 கிகாபைட் அடங்கும். புளூரே தட்டின் சுருள் தடத்தில் அடுத்தடுத்த சுற்றுகளுக்கு இடையேயான தொலைவு 0.32 மைக்ரோமீட்டரே. ஒரு தலைமுடியின் அகலத்திற்குள் ஏறத்தாழ இருநூறு சுற்றுகள் அடங்கிவிடும்!

இத்தகைய நீல ஒளியைச் சிறு சில்லிலிருந்து பெறுவது நெடுங்காலம் அரிய செயலாகவே இருந்தது. காலியம் நைட்ரைடு என்னும் பொருளைக் கொண்டு அதனைச் சாதித்த இசாமு அக்காசாக்கி, ஹிரோஷி அமானோ, ஷூஜி நாக்கமுரா ஆகிய மூவரும், நீல ஒளி உமிழ் டையோடுக்காக 2014ஆம் ஆண்டில் இயற்பியல் நோபல் பரிசு பெற்றனர். புளூரே தட்டைப் படிக்கும் லேசரும் அப்பொருளின் வழிவந்ததே.

படம் வரும் வழி

தட்டிலிருந்து திரைக்குப் படம் ஐந்து இடங்களைக் கடந்து வருகிறது. தட்டு முதலிடம், தட்டைச் சுழற்றிப் படிக்கும் தட்டியக்கி இரண்டாவது, படமோட்டும் மென்பொருள் மூன்றாவது, சுருக்கிய படத்தை விரித்துத் தரும் வரைவியல் சில்லு நான்காவது, கம்பியும் திரையும் ஐந்தாவது. இவ்வைந்தில் ஒன்று தடைப்பட்டாலும் படம் வராது. இனி ஒவ்வொன்றாய் ஆராய்வோம்.

தட்டியக்கியை அறிதல்

முதற்கண், உங்கள் தட்டியக்கி புளூரே வகையைச் சேர்ந்ததுதானா என்று பாருங்கள். அதன் முகப்பில் புளூரே முத்திரை இருத்தல் வேண்டும். டிவிடி முத்திரை மட்டுமே உள்ள இயக்கியில் செந்நிற லேசரே இருக்கும். அதனால் புளூரே தடத்தைப் படிக்க இயலாது. எந்த மென்பொருளும் அக்குறையைத் தீர்க்காது.

முத்திரை இருந்தும் கணினித் திரையில் இயக்கியின் அடையாளமே தோன்றவில்லையா? அப்பொழுது மின்சாரத்தையும் கம்பியையும் ஐயுறலாம். யுஎஸ்பி கம்பியால் இணைக்கும் மெல்லிய இயக்கிகள், தட்டைச் சுழற்றத் தொடங்கும்பொழுது மிகுந்த மின்சாரத்தை இழுக்கும். ஒரே துளையில் பல கருவிகளைப் பிரித்து மாட்டும் பெட்டியிலிருந்து அதனைக் கழற்றி, நேரே கணினியில் செருகிப் பாருங்கள். சில இயக்கிகளுக்கு இரண்டு யுஎஸ்பி முனைகள் இருக்கும். அவ்விரண்டையும் செருகுதல் வேண்டும்.

தட்டை அறிதல்

இயக்கி தோன்றுகிறது, தட்டு மட்டும் படிக்கப்படவில்லை. இந்நிலையில் வேறொரு புளூரே தட்டைச் செருகுங்கள். அது படிக்கப்பட்டால், குறை முதல் தட்டிலேயே உள்ளது எனலாம். இரண்டுமே படிக்கப்படாமல் டிவிடி மட்டும் ஓடினால், இயக்கியின் நீல லேசரை ஐயுறலாம். ஏனெனில், ஒரே இயக்கிக்குள் ஒவ்வொரு வகைத் தட்டுக்கும் உரிய லேசர் தனித்தனியே உண்டு.

புளூரே தட்டில் செய்தி அடுக்கு மேற்பரப்பிலிருந்து 0.1 மில்லிமீட்டர் ஆழத்திலேயே உள்ளது. அதனைக் காக்கக் கடினமான மேற்பூச்சு இட்டிருப்பினும், விரல் ரேகையும் எண்ணெயும் ஒளியை மறைக்கும். மென்மையான துணியால் நடுவிலிருந்து விளிம்பு நோக்கி நேர்கோடாகத் துடைத்தல் வேண்டும். வட்டமாகத் துடைத்தல் கூடாது. தடத்தின் குறுக்கே விழும் சிறு கீறலால் இழந்த செய்தியைக் கணினி கணக்கிட்டு மீட்டுக்கொள்ளும். தடத்தின் வழியே நீளும் கீறலோ தொடர்ச்சியான செய்தியை அழித்துவிடும். பெட்ரோல், தின்னர் போன்றவற்றை ஒருபொழுதும் பயன்படுத்தாதீர்.

நம் நாட்டுக் காற்று ஈரம் மிக்கது. குளிரூட்டிய அறையிலிருந்து வெளியே கொணர்ந்த தட்டிலும் இயக்கியிலும் நீர்த்திவலை படியக்கூடும். சற்று நேரம் உலரவிட்ட பின்னரே இயக்குதல் நலம்.

மென்பொருளும் திறவுகோலும்

தட்டைத் திறந்து பார்க்கையில் 'பிடிஎம்வி' என்னும் கோப்புறை தோன்றுகிறதா? தோன்றினால், தட்டையும் இயக்கியையும் பெரும்பாலும் ஐயுற வேண்டியதில்லை. தேடலை மென்பொருள் பக்கம் திருப்பலாம்.

விண்டோஸுடன் வரும் படமோட்டும் மென்பொருள் புளூரே திரைப்படத்தை ஓட்டாது. அதற்கு உரிமம் பெற்ற தனி மென்பொருள் வேண்டும். காரணம் யாதெனில், விற்பனைக்கு வரும் திரைப்படத் தட்டுகள் ஏஏசிஎஸ் என்னும் பூட்டினால் பூட்டப்பட்டுள்ளன. உரிமம் பெற்ற மென்பொருளிடம் அப்பூட்டின் திறவுகோல் இருக்கும். அத்திறவுகோல் என்றும் நிலையானதன்று. குறித்த காலத்திற்கு ஒருமுறை அது மாற்றப்படுகிறது.

இதிலிருந்து ஓர் அரிய துப்புக் கிடைக்கிறது. பழைய படத் தட்டுகள் நன்றாக ஓட, புதிய படத் தட்டு மட்டும் ஓடவில்லை என்றால், திறவுகோல் பழையதாகிவிட்டது என்று கருதலாம். கணினியை இணையத்தில் இணைத்து மென்பொருளைப் புதுப்பித்தால் குறை தீரும். தட்டிலும் குறையில்லை, கணினியிலும் குறையில்லை!

பள்ளி விழாவையோ திருமணத்தையோ பதிவுசெய்து நாமே உருவாக்கும் தட்டில் இப்பூட்டு இராது. அதனை விஎல்சி போன்ற இலவச மென்பொருளே ஓட்டிவிடும். எனவே, வீட்டுப் பதிவு ஓடி, கடையில் வாங்கிய படம் ஓடவில்லை என்றால், பூட்டின் பக்கமே கவனம் செல்லட்டும்.

உறையின் மீதுள்ள எழுத்து

புளூரே தட்டுகளுக்காக உலகம் ஏ, பி, சி என மூன்று வட்டாரங்களாகப் பிரிக்கப்பட்டுள்ளது. மலேசியாவும் சிங்கப்பூரும் ஏ வட்டாரத்தைச் சேர்ந்தவை. இந்தியா சி வட்டாரத்தைச் சேர்ந்தது. சென்னையிலிருந்து உறவினர் வாங்கி வந்த தமிழ்ப்படத் தட்டு இங்கே ஓட மறுத்தால், முதலில் உறையின் பின்புறத்தைப் பாருங்கள். மூன்று எழுத்துகளும் அச்சிடப்பட்டிருந்தால் எங்கும் ஓடும். சி மட்டும் இருந்தால், ஏ வட்டாரத்திற்கு அமைத்த மென்பொருள் அதனை ஏற்காது. மென்பொருளில் வட்டாரத்தை மாற்றலாம். எனினும், குறிப்பிட்ட சில முறைகளே மாற்ற இயலும். ஆகவே, எண்ணிப் பார்த்து மாற்றுக.

திரை இருண்டிருந்தால்

மென்பொருள் ஓடுகிறது, ஒலியும் கேட்கிறது, திரை மட்டும் இருண்டிருக்கிறது. அல்லது திரையைப் பற்றிய எச்சரிக்கை ஒன்று தோன்றுகிறது. இதற்குக் காரணம் எச்டிசிபி எனும் காப்பு முறையாக இருக்கலாம். படத்தை அனுப்புமுன், "நீ உரிமை பெற்ற திரைதானா?" என்று கணினி வினவும், திரை தக்க விடை தருதல் வேண்டும். பழைய விஜிஏ கம்பி வழியே இவ்வுரையாடல் நிகழ இயலாது. எச்டிஎம்ஐ கம்பியால் கணினியையும் திரையையும் நேரே இணையுங்கள். இடையில் பிரிப்பான் இருந்தாலோ, இரண்டாவது திரை ஒன்று மாட்டப்பட்டிருந்தாலோ அதனைக் கழற்றிப் பாருங்கள்.

இதற்கு மாறாக, படம் வந்து ஒலி வரவில்லை என்றால், ஒலி எவ்வழியே வெளியேறுகிறது என்பதைக் கணினியின் ஒலி அமைப்பில் சரிபார்க்க வேண்டும். எச்டிஎம்ஐ கம்பியை மாட்டியதும் ஒலி ஒலிபெருக்கியை விட்டுத் தொலைக்காட்சிக்குச் சென்றிருக்கலாம்.

விட்டு விட்டு ஓடினால்

நம் நாட்டு முறையிலான டிவிடி படத்தின் ஒரு சட்டத்தில் 720 × 576 = 4,14,720 புள்ளிகள் உள்ளன. புளூரே படத்தில் 1,920 × 1,080 = 20,73,600 புள்ளிகள். அஃதாவது, சரியாக ஐந்து மடங்கு! திரைப்படத்தில் நொடிக்கு 24 சட்டங்கள் விரிக்கப்பட வேண்டும். இதற்கென நொடிக்கு 4 கோடி பிட் வரை தட்டிலிருந்து வரக்கூடும்.

படம் விட்டு விட்டு ஓடினால், தட்டு மெதுவாகப் படிக்கப்படுகிறதா, சில்லு மெதுவாக விரிக்கிறதா என்று பிரித்தறிய வேண்டும். நம் வீட்டுப் பதிவுத் தட்டைக் கொண்டு இதனைச் சோதிக்கலாம். அதிலுள்ள படக் கோப்பைக் கணினிக்குள் நகலெடுத்து ஓட்டுங்கள். இப்பொழுது தடையின்றி ஓடினால், தடை தட்டிலோ இயக்கியிலோ உள்ளது. இன்னும் தடுமாறினால், மென்பொருளில் வரைவியல் சில்லின் உதவி முடுக்கப்பட்டுள்ளதா என்று பாருங்கள். பின்னணியில் ஓடும் பிற வேலைகளை நிறுத்துங்கள். விசிறியில் படிந்த தூசியையும் அகற்றுங்கள்.

குறையன்று, எல்லை

2016ஆம் ஆண்டில் 4கே எனப்படும் மிகு தெளிவுப் புளூரே தட்டுகள் வெளிவந்தன. அவற்றில் வட்டாரப் பூட்டு இல்லை. ஆயினும், உரிமம் பெற்ற மென்பொருள் வழியே கணினியில் அவற்றை ஓட்ட, இன்டெல் சில்லுகளில் இருந்த எஸ்ஜிஎக்ஸ் என்னும் காப்புப் பகுதி தேவைப்பட்டது. வீட்டுக் கணினிகளுக்கான 11ஆம் தலைமுறைச் சில்லுகள் முதல் இன்டெல் அப்பகுதியை நீக்கிவிட்டது. ஆகவே, புதிய கணினி வாங்கினால் 4கே தட்டு ஓடும் என்று நினைப்பது தவறு. அந்நோக்கத்திற்குத் தொலைக்காட்சியுடன் இணைக்கும் தனி 4கே புளூரே கருவியே ஏற்றது.

பெற்றோர்களுக்கும் தோட்டப் பாட்டாளிகளுக்கும்

நாட்கூலியில் மிச்சம் பிடித்து வாங்கிய கணினி உங்களுடையது. "மாற்றினால் சரியாகும்" என்று யாரேனும் சொன்னால், எதனை மாற்ற வேண்டும், அப்பொருளில்தான் குறை என்று எவ்வாறு தெரியும் என இரண்டு வினாக்களைக் கேளுங்கள். இரண்டாம் வினாவிற்கு விடை கிடைக்கும்வரை பணப்பையைத் திறக்க வேண்டியதில்லை. அயலார் வீட்டிலுள்ள புளூரே கருவியில் தட்டை ஒருமுறை ஓட்டிப் பார்ப்பது செலவில்லாத சோதனை. மேலும், பூட்டைத் திறப்பதாகக் கூறி முகவரி அறியாத இடங்களிலிருந்து வரும் மென்பொருள்களைக் கணினிக்குள் விடாதீர். படத்தைக் காட்டுமுன் அவை உங்கள் இரகசியங்களைக் களவாடக்கூடும்.

மாணவர்களே, ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். கம்பியையும் மென்பொருளையும் ஒருசேர மாற்றிய பின் படம் வந்தால், எது காரணம் என்பது தெரியாமலேயே போய்விடும். செய்ததையும் கண்டதையும் ஏட்டில் குறித்து வையுங்கள். பதறாத காரியம் சிதறாது. மிதிவண்டி ஓடாவிட்டாலும், மின்விளக்கு எரியாவிட்டாலும், கணக்கின் விடை தவறினாலும் இம்முறையே உங்களுக்குக் கைகொடுக்கும்.

பயிற்சி வினாக்கள்

1. புளூரே தட்டை டிவிடி இயக்கியால் படிக்க இயலாதது ஏன்?
2. தட்டை நடுவிலிருந்து விளிம்பு நோக்கித் துடைப்பதன் காரணம் யாது?
3. பழைய படம் ஓடி, புதிய படம் ஓடவில்லை என்றால் நீ முதலில் செய்வது என்ன?
4. 'பிடிஎம்வி' கோப்புறை தோன்றினால், எவ்விரண்டு இடங்களைப் பெரும்பாலும் ஐயுற வேண்டியதில்லை?
5. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும் என்பதன் பயனை உன் வீட்டிலுள்ள வேறொரு பொருளைக் கொண்டு ஐந்து வரிகளில் எழுதுக.